சிறப்பு ழ

எப்படி நின்றாலும் என் நிழல் படத்துக்குள் வந்துவிடுகிறது. வெயில் முதுகுப் பக்கம் இருக்கிறது, தரங்கம்பாடிக் கோட்டை முன்னால், கோட்டைக்குப் பின்னால் கடல். இரண்டடி இடது பக்கம் போனால் நிழலும் இரண்டடி போகிறது. குனிந்தால் குனிகிறது. தோளில் பை தொங்குவதால் நிழலுக்கு ஒரு பக்கம் கூன் விழுந்த மாதிரி இருக்கிறது. பதினோரு படம் எடுத்துவிட்டேன், பதினொன்றிலும் மண்ணில் இந்தக் கூனி நிற்கிறாள். ஒன்றில் விரலும் விழுந்துவிட்டது. மற்றவர்களுக்கு அனுப்புகிற படம் என்றால் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். இது எழிலுக்கு அனுப்புகிற படம். நேற்றிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். பிச்சாவரத்தில் படகு, சுரபுன்னைக் காடு, காலையில் பூம்புகார் கடல். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள், நீல டிக் விழுந்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான்கு மாதமாக இப்படித்தான். மாடியில் பூத்த செம்பருத்தியை அனுப்பினேன், பார்த்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தையை அனுப்பினேன், பார்த்தாள். கூடப் பிறந்தவள் ஒரே ஒருத்தி, என்னைவிடப் பதினோரு வயது சின்னவள், நான் அனுப்புவதையெல்லாம் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறாள். எழுத எனக்கு எப்போதும் பயம், ஏழாவதோடு நின்றவள். படம் என்றால் பயமில்லை. படத்தில் ல, ள, ழ எதுவும் கிடையாது. மணி மூன்று பத்து. நாலு மணிக்கு வண்டியை எடுத்துவிடுவோம் என்று சபாபதி அண்ணன் சொல்லியிருக்கிறார். ராசிபுரத்திலிருந்து எங்கள் இருபத்தெட்டு பெண்களையும் கூட்டி வந்திருக்கும் டூர்காரர் அவர்தான், கழுத்தில் விசில் போட்டிருக்கிறார். "நாலுன்னா நாலுங்க. நாலே காலுக்கு வந்துட்டு அண்ணா அண்ணான்னா நான் அண்ணனா இருக்க மாட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் தோன்றியது. இருபத்தெட்டு தலையை எண்ணும்போது வேறு ஊர்க்காரி ஒருத்தி தெரியாமல் ஏறி உட்கார்ந்திருந்தால் கணக்கு சரியாகத்தானே வரும்.

இந்தப் பயங்களையெல்லாம் எங்கிருந்து எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று தெரியவில்லை. வீட்டைப் பூட்டினேனா என்று நேற்று சேலம் தாண்டும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். கேஸை மூடினேனா என்பது ஆத்தூரில் வந்தது. அவருக்குப் போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் அவர் லாரியோடு குஜராத்தில் எங்கேயோ இருக்கிறார், மாதத்தில் இருபது நாள் அப்படித்தான், வீட்டுக் கேஸைப் பற்றி அங்கிருந்து என்ன சொல்வார். பையன் ஓசூரில் இருக்கிறான், எடுத்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பான். ஆக, மூடியிருப்பேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கோட்டையின் சுவர் மஞ்சளும் இல்லாமல் காவியும் இல்லாமல் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் கட்டியது என்று பலகையில் போட்டிருந்தது. டேனிஷ் என்றால் எந்தப் பக்கம் என்று வாசுகியைக் கேட்டேன். "குளிர் நாடுங்க்கா" என்றாள். குளிர் நாட்டுக்காரன் இந்த வெயிலில் வந்து என்ன செய்தான், அவனுக்கும் ஊரில் அக்காவோ தங்கையோ இருந்திருப்பார்கள், கடிதம் எழுதினால் போய்ச் சேர ஆறு மாதம் ஆகியிருக்கும், பதில் வரவில்லை என்றால் கப்பல் முழுகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி இல்லை. போய்ச் சேர்ந்ததும் தெரிகிறது, பார்த்ததும் தெரிகிறது. வாசுகி பஸ்ஸில் என் பக்கத்து சீட். தையல் கடை வைத்திருக்கிறாள், முப்பத்தைந்து இருக்கும், யார் ஜாக்கெட்டைப் பார்த்தாலும் தோள்பட்டை இறங்கியிருக்கிறது என்பாள். நல்லவள்தான். பூம்புகாரிலிருந்து வரும்போது பஸ்ஸில் போனைத் தள்ளிக்கொண்டே இருந்தவள் சட்டென்று சிரித்தாள். "என்னங்க்கா, ஸ்டேட்டஸ்ல கடழ்னு போட்ருக்கீங்க?" என்றாள். நான் பூம்புகார் படத்தை ஸ்டேட்டஸிலும் வைத்திருந்தேன், கீழே ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தேன். "ஏன், கடல் தானே?" "கடலுக்குச் சின்ன ல தாங்க்கா. நீங்க சிறப்பு ழ போட்டிருக்கீங்க." எனக்குக் கன்னம் சுட்டது. அவ்வளவு பெரிய கடலுக்கா சின்ன ல என்றேன். "சைஸ் பாத்தா எழுத்துப் போடுவாங்க? அப்ப எலிக்குச் சின்ன ல, புலிக்கு சிறப்பு ழ வா?" என்று அவள் முன் சீட்டுக்காரிக்கும் கேட்கும்படி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். சிரிக்கும்போதே வேறொரு வார்த்தை ஞாபகம் வந்தது. கையைப் பிடித்துக் கேட்டேன். "வாசுகி, வலி இருக்கில்ல, ஒடம்பு வலி, மனசு வலி. அதுக்கு?" "அதுக்கும் சின்ன ல தான்." "சிறப்பு ழ போட்டா?" "போட்டா அது வேறங்க்கா. வழி. போற வழி, வர்ற வழி." ஜன்னலுக்கு வெளியே இறால் பண்ணைகள் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் அவள் என்ன பேசினாள் என்று எனக்கு நினைவில்லை.

உன் வழி எனக்குத் தெரியும். ஆனி மாதத்தில் நான் எழிலுக்கு எழுதியது அதுதான். வேறொன்றும் எழுதவில்லை. அவள் எழுதியது மூன்று தடவை தள்ளித் தள்ளிப் படிக்கிற அளவு நீளம். புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டதாகவும், காரைக்காலிலேயே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு அறை எடுத்திருப்பதாகவும், யாரும் யாரையும் அடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். புருஷன் கருணாகரன் பேச மாட்டார். அவ்வளவுதான். பதினாலு வருஷமாக. சோறு போடும்போது போதும் என்று சொல்ல மாட்டார், உள்ளங்கையை மட்டும் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து எனக்கு வலிக்குது அக்கா என்று எழுதியிருந்தாள். கணக்கு டீச்சர், நாள் முழுக்க அறுபது பிள்ளைகள் முன்னால் பேசிவிட்டு வந்து வீட்டில் ஒரு உள்ளங்கைக்கு முன்னால் உட்காருவது எப்படி இருக்கும் தெரியுமா என்று கேட்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி ஊற்றியதுகூடத் தெரியாமல் படித்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். பதில் எழுத வேண்டுமே. உன் வலி எனக்குத் தெரியும் என்று எழுத நினைத்தேன். அந்த வார்த்தைக்கு மூன்றில் எது என்று யோசித்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, கட்டைவிரலை மேலே வைத்துக்கொண்டே யோசித்தேன். இவ்வளவு பெரிய விஷயத்துக்குச் சாதாரண ல வராது என்று பட்டது. பேரே சிறப்பு ழ. மரியாதையாக அதைப் போட்டேன். உன் வழி எனக்குத் தெரியும். வீட்டை விட்டு வந்தவளுக்கு, அக்கம்பக்கத்தில் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கூடப் பிறந்தவள் எழுதியது. நீ போகிற வழி எனக்குத் தெரியாதா. நீல டிக் விழுந்தது. அன்றிலிருந்து அவள் பேசவில்லை, எழுதவில்லை. பேசாமல் இருப்பதை அந்த ஆளிடமே கற்றுக்கொண்டுவிட்டாள் என்றுகூட நினைத்தேன். உள்ளங்கையைக் காட்டுகிறாள் எனக்கு.

இங்கே மணலில் நடந்தால் கண் கூசுகிறது. கோட்டையைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் வந்துவிட்டேன். வாசுகியும் மற்றவர்களும் பீரங்கியின் மேல் ஒவ்வொருத்தராகச் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். "அக்கா, வாங்க, உங்களையும் எடுக்கறேன்" என்று கத்துகிறாள். கையை அசைத்தேன், வரவில்லை என்று. என் படம் எதற்கு, யார் கேட்டார்கள். தள்ளி மாசிலாமணிநாதர் கோயில் தெரிகிறது, முன்பக்கத்தைக் கடல் எடுத்துக்கொண்டதாம், மீதி நிற்கிறது, கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். அதையும் ஒரு படம் எடுத்தேன். அலை ஒரே மாதிரி வருவதில்லை, எடுக்கலாம் என்று அழுத்தும்போது சின்னதாக வருகிறது, போனைத் தாழ்த்தியதும் பெரிதாக வந்து கல்லில் மோதுகிறது. மணலின் இந்த வெளுப்பு எனக்குப் பழக்கமானது. ஜவ்வரிசி ஆலைக் களம் இப்படித்தான் இருக்கும், காயப்போட்ட மாவும் வெயிலும் சேர்ந்து கண்ணைத் திறக்க முடியாது. அம்மா அங்கே வேலைக்குப் போனாள், எழில் கைக்குழந்தை, நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். குழந்தையை யாரிடம் விடுவது என்று பேச்சு வந்தது, யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் பேச்சு என்னிடம் வந்து நின்றது. அவள் நடக்கப் பழகியது அந்தக் களத்தின் ஓரத்தில். ஒரு நாள் என் பிடியிலிருந்து தப்பித்து மாவின் மேல் ஓடிவிட்டாள், பளீரென்று இருந்ததில் குட்டிக் குட்டிக் காலாக ஒரு வரிசை. மேஸ்திரி அம்மாவைத் திட்டினார், அம்மா என்னைத் திட்டினாள், நான் எழிலைத் திட்டவில்லை, தூக்கிப் பாதத்திலிருந்த மாவைத் தட்டிவிட்டேன். அவளுக்கு எழிலரசி என்று பேர் வைத்தது அப்பா, கூட்டத்தில் யாரோ பேசியதைக் கேட்டு வந்து வைத்தார். வீட்டில் ஒருத்தருக்கும் சொல்ல வரவில்லை. எலிலு என்றுதான் கூப்பிட்டோம். பள்ளிக்கூடத்தில் எலி எலி என்று கிண்டல் பண்ணுகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். மூன்றாவது படிக்கும்போது என்னை உட்காரவைத்து, "நாக்கை மடிக்கா, மேல தொடாம மடி" என்று சொல்லிக்கொடுத்தாள். "மடிச்சா சோறு எப்படி முழுங்கறது" என்றேன். "சோறு திங்கறப்ப யாரு உன்னை எழில்னு கூப்பிடச் சொன்னா?" என்றாள். இன்றைக்கும் என் போனில் அவள் பேர் எலில் என்றுதான் இருக்கிறது.

அப்படியென்றால் அவளுக்குத் தெரியாதா. இதைத்தான் பஸ்ஸிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் நாக்கில் மூன்றும் ஒன்று என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அவள் ஹாஸ்டலில் இருந்தபோது நான் எழுதிய இன்லேண்ட் லெட்டர்களில் எத்தனை தப்பு இருந்திருக்கும், ஒரு நாளும் எனக்கு விளங்கவில்லை என்று அவள் சொன்னதில்லை. வாழைப்பழத்தை வாலைப்பலம் என்று எழுதினால் வாழைப்பழம் என்று படித்துக்கொண்டவள், வழி என்று எழுதினால் வலி என்று படித்திருக்க மாட்டாளா. படித்திருப்பாள். படித்ததும் தெரிந்திருக்கும். பிறகு ஏன் பேசவில்லை. இங்கே வந்ததும் எனக்கு அடிக்கடி தண்ணீர் தாகம் எடுக்கிறது. பாட்டிலைத் திறந்து குடித்தேன், சுடுகிறது. ஏன் பேசவில்லை என்றால், சாந்தாமணி, நீ யோசி. நான் என்னையே பேர் சொல்லிக் கூப்பிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அந்த நீள எழுத்து வருவதற்கு முதல் நாள் அவள் போனில் பேசினாள். நான் என்ன சொன்னேன். "அடிக்கலை, குடிக்கலை, இதுக்குப் போயி ஒருத்தி வீட்டை விட்டு வருவாளா, ஊரு என்ன பேசும்" என்றேன். அப்போது பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம், பெண் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று அதையும் சொன்னேன். அதெல்லாம் மேலே மிதக்கிற நுரை. அடியில் இருந்தது வேறு. எனக்கு மட்டும் யார் பேசுகிறார்கள். அவர் வந்தால் தூங்குவார், எழுந்தால் டயரைப் பற்றிப் பேசுவார், போவார். இருபத்தேழு வருஷத்தில் நான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போனேனா. எனக்கு எந்த மாடி அறை இருந்தது. இவளுக்குப் படிப்பு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, வழி இருக்கிறது. அந்தப் படிப்பு யார் படிக்காமல் விட்டதால் வந்தது. இதை நான் வார்த்தையாக நினைத்தேனா என்றால் இல்லை, ஆனால் கட்டைவிரலுக்குப் பின்னால் இது இருந்தது. வலி என்று நினைத்துத்தான் எழுதினேன். வழி என்று வந்தபோது அதுவும் என்னுடையதுதான். அவள் என் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள். இரண்டையும் படித்துவிட்டாள்.

மணி மூன்று முப்பத்தைந்து. தரங்கம்பாடிக்கு அடுத்தது காரைக்கால். வேளாங்கண்ணி போகும் வழியில் அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கப் பத்து நிமிஷம் நிற்கும் என்று டூர் நோட்டீஸில் போட்டிருந்தது, அந்த ஒரு வரிக்காகத்தான் நான் பேர் கொடுத்தேன். கோட்டை பார்க்க இல்லை, கடல் பார்க்க இல்லை. இந்தக் கோட்டைப் படத்தை அனுப்பினால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை எத்தனை தடவை இங்கே கூட்டி வந்திருப்பாள். அரை மணி நேரத் தூரத்தில் நிற்கிறேன் என்று அர்த்தம். வாசுகியைக் கூப்பிட்டு, எழுத்துப் பிழை ஆகிவிட்டது, மன்னித்துக்கொள் என்று எழுதித் தரச் சொன்னால் ஒரு தப்பு இல்லாமல் எழுதித் தருவாள். சுலபமான வேலை. நானே எழுதிப் பார்த்தேன். அது எலுத்து தப்பு எலில் என்று வந்தது. உண்மையும்தான். ஏழாவது படித்தவள் செய்த தப்பு என்று யாரும் மன்னித்துவிடுவார்கள், அதற்குள் நான் ஒளிந்துகொண்டால் யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். கை வேர்த்திருந்ததால் போன் சொன்னபடி கேட்கவில்லை. முதலில் படத்தை அனுப்பினேன், பதினொன்றில் எது என்று பார்க்கவில்லை, நிழலோடு போனது. பிறகு எழுதினேன். அன்னைக்கு வலி னு எலுத நெனச்சேன் வழி னு எலுதிட்டேன். ஆனா வழி னும் நெனச்சேன். எனக்கு பொறாமையா இருந்துச்சு. அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன், புடவை ஈரமாவது தெரிந்தது, எழவில்லை. பொறாமை என்ற வார்த்தையை எழுதி நான் பார்த்ததே இல்லை. அதற்கு எந்த ற என்று யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். ஒரு படகு போகிறது, அது போய் முடிந்ததும் எடுத்துப் பார்க்கலாம் என்றிருந்தேன். படகு போகவே மாட்டேன் என்கிறது. விசில் சத்தம் கேட்டது. போனைத் திருப்பினேன். நீலம். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றுவிட்டது. மறுபடி காட்டியது. நீளமாக எழுதுகிறாள், திட்டப் போகிறாள், திட்டட்டும், நீளமாகத் திட்டட்டும் என்று நினைத்தேன். வந்தது ஒரே ஒரு வார்த்தை. தெரியும். அவ்வளவுதான். அக்கா என்றுகூட இல்லை. கீழே ஏதாவது இருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எப்போது வருகிறாய் என்றோ, வராதே என்றோ இல்லை. நான்கு மாதம் கழித்து ஒரு வார்த்தை. அதுவும் ஆனியில் நான் எழுதிய கடைசி வார்த்தையையே எனக்குத் திருப்பித் தந்திருக்கிறாள், கோபமாகத் தந்தாளா சும்மா தந்தாளா என்று எழுத்தில் எங்கே போட்டிருக்கும்.

சபாபதி அண்ணன் விசில் ஊதிக்கொண்டே தலையை எண்ணினார், என் தலையையும் எண்ணினார். சீட்டில் உட்கார்ந்ததும் கழற்றிவிட்ட செருப்பை மறுபடி போட்டுக்கொண்டேன். எழுந்து மேலே இருந்த துணிப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் தெருவைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்தது. "என்னங்க்கா, இப்பவே பையை எறக்கறீங்க? வேளாங்கண்ணி போக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு" என்றாள் வாசுகி. காரைக்காலில் இறங்கப்போகிறேன், நாளைக்குத் திரும்பும்போது அதே இடத்தில் ஏறிக்கொள்கிறேன், அண்ணனிடம் நீயே சொல்லிவிடு என்றேன். "காரைக்கால்ல யாருங்க்கா இருக்காங்க?" "என் தங்கச்சி." "ஓ, சொல்லவே இல்லை பாருங்க. அப்ப வரச் சொன்னாங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். ஜன்னல் பக்கம் வெயில் இருந்ததால் அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"இல்லை" என்றேன். "சொல்லலை."